பொருளாதார மந்த காலத்தில் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு: கூடலூர், பந்தலூர் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படிப்பகத்தில் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருபது முப்பது பேர் கூடுகிறார்கள். நீலகிரியில் தேவாலா, சேரம்பாடி, பந்தலூர், ஓவேலி பக்கத்துப் பிள்ளைகள். பாதிப் பேர் தோட்டத் தொழிலாளி வீடு. மீதிப் பேர் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீடு. நானும் பந்தலூர் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்தவள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அதில் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கிய ஆண்டு 2009, அதாவது அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து உலகமே வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவைத்திருந்த நேரம். அதனால் இந்தக் கேள்விகளில் பலவற்றை அன்று நானே யாரிடமாவது கேட்க நினைத்தேன். கேட்க ஆள் இல்லை.

மந்தம் வந்தால் எல்லோருக்கும்தான் வேலை இல்லை. இதில் குடும்பம் எங்கே வருகிறது, அக்கா?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஊட்டி மலர்க் கண்காட்சி அந்த ஆண்டும் நடக்கவில்லை, அடுத்த ஆண்டும் நடக்கவில்லை. சீசனை நம்பி வண்டி ஓட்டியவர், காட்டேஜில் வேலை பார்த்தவர், ரோட்டோரம் கேரட், சோளம் விற்றவர் எல்லோர் வீட்டிலும் வருமானம் ஒரே நாளில் நின்றது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் பச்சைத் தேயிலை விலை ஏறியது. அசாமில் ஊரடங்காலும் மழையாலும் விளைச்சல் குறைந்ததால் ஏலத்தில் தூளுக்கு விலை கூடியது. இங்கே ஃபேக்டரிகள் இலைக்குக் கூடுதலாகக் கொடுத்தன.

அந்த ஆண்டு பட்டம் வாங்கிய இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். ஒரே வகுப்பு, கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். ஒருத்தியின் அப்பா சீசன் டாக்சி ஓட்டுகிறவர். வண்டிக்கு மாதத் தவணை நிற்கவில்லை. இன்னொருத்தியின் வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. முதல் பெண் ஜூலை மாதமே ஒரு துணிக்கடையில் பில் போடச் சேர்ந்தாள். இரண்டாவது பெண் பத்து மாதம் வீட்டிலிருந்து கணக்கு மென்பொருள் படித்து, 2021-இல் கோயம்புத்தூரில் ஒரு நல்ல அலுவலகத்தில் சேர்ந்தாள். இதில் யாருடைய திறமையும் கூடவில்லை, குறையவில்லை. ஒரு வீட்டால் காத்திருக்க முடிந்தது, இன்னொரு வீட்டால் முடியவில்லை.

மந்தத்தில் பட்டதாரிக்கான வேலை பெரும்பாலும் முற்றாக அழிந்துபோவதில்லை, தள்ளிப்போகிறது. ஆறு மாதம், ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம். அந்த இடைவெளியில் யார் சோறு போடுவது, யார் ஹாஸ்டல் வாடகை கட்டுவது என்பதுதான் குடும்பப் பின்னணி என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் விஷயம்.

படித்தவர்களுக்குத்தான் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். மகளைப் படிக்க வைத்தது தப்போ?

ஒரு அம்மா இதைக் கண்கலங்கக் கேட்டார். தப்பே இல்லை, அம்மா.

டிவியில் சொன்ன எண் உண்மைதான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், 2022-23-இல், மொத்த வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடம் மட்டும் பார்த்தால் 13 சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேலை தேடிக்கொண்டு, இன்னும் எந்த வேலையும் செய்யாமல் இருப்பவர்தான் அந்தக் கணக்கில் வேலையில்லாதவர். கொழுந்து எடுக்கப் போகிறவரோ, கூலிக்குக் கேரட் பிடுங்கப் போகிறவரோ அதில் வேலை உள்ளவர். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி வேண்டிய வீட்டில் யாரும் வேலையில்லாமல் இருக்க முடியாது. கிடைத்ததைச் செய்தே ஆக வேண்டும். வேலையில்லாமல் இருப்பதற்கே கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் பில் போடும் வேலையில் இருந்தால் அரசாங்கக் கணக்கில் அவளுக்குக் குறையே இல்லை. அவள் படித்த படிப்புக்கு அந்த வேலை பொருந்துகிறதா என்று அந்த ஒரு எண் சொல்லாது.

கெட்ட நேரத்தில் படிப்பை முடித்துவிட்டோம். வாழ்க்கை முழுக்க இதன் அடி இருக்குமா?

அடி இருக்கிறது, ஆறவும் செய்கிறது. வெளிநாடுகளில் இதைப் பல ஆண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். லிசா கான் என்ற பொருளியலாளர் 1979 முதல் 1989 வரை அமெரிக்காவில் கல்லூரி முடித்தவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நாட்டில் வேலையின்மை ஒரு சதவீதப் புள்ளி கூடினால் அந்த ஆண்டு வெளியே வருகிறவரின் ஆரம்பச் சம்பளம் 6, 7 சதவீதம் குறைகிறது. பதினைந்து ஆண்டு கழித்தும் ஒரு சிறு வித்தியாசம் நிற்கிறது. கனடாவில் நடந்த ஆய்வில், மந்தத்தில் படிப்பை முடித்தவர்களின் ஆரம்ப வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்தது, பத்து ஆண்டுக்குள் பெரும்பாலும் சரியானது.

கனடா ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. மீண்டு வந்தவர்கள் எப்படி மீண்டார்கள்? முதலில் சம்பளம் குறைந்த சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார்கள். நிலைமை தேறியதும் நல்ல நிறுவனத்துக்கு மாறினார்கள். மாற முடியாமல் முதல் இடத்திலேயே மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் வடு ஆழமாகப் பதிந்தது. நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். கடன், தங்கையின் படிப்பு, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மாதப் பணம் என்று ஆயிரம் கயிறு காலைக் கட்டும்.

கிடைத்த வேலையில் சேரலாமா, நல்லதுக்குக் காத்திருக்கலாமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். என் கதையைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கல்லூரி கடைசி ஆண்டில் ஒரு பெரிய நிறுவனம் வளாகத் தேர்வு நடத்தி எனக்கு வேலைக் கடிதம் கொடுத்தது. லைன் முழுக்க அம்மா மிட்டாய் கொடுத்தார். ஜூனில் சேர வேண்டும் என்றார்கள். பிறகு செப்டம்பர் என்றார்கள். பிறகு பதிலே இல்லை. என்னோடு தேர்வான சிநேகிதிக்கு அப்பா வங்கி அதிகாரி. அவள் கோயம்புத்தூரில் தங்கி ஒரு கோர்ஸ் படித்துக்கொண்டே காத்திருந்தாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முட்டி வலி வந்து தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை. அக்டோபரில் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தேன். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருடம் இருந்தால்தான் தருவோம் என்று. எனக்கு விவரம் தெரியவில்லை, கொடுத்துவிட்டேன். அடுத்த ஆகஸ்டில் பழைய நிறுவனம் கூப்பிட்டது. காட்ட என் கையில் அசல் சான்றிதழ் இல்லை. என் சிநேகிதி போய்ச் சேர்ந்தாள்.

இப்போது என் பதில். சேருங்கள். ஆனால் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்.

அசல் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நேரில் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். வற்புறுத்தினால் அந்த இடமே வேண்டாம்.

சேரும் வேலை உங்கள் படிப்புக்கு ஒரு பக்கமாவது ஒட்டியிருக்கட்டும். பி.காம் படித்தவர் மளிகைக்கடையில் சேர்ந்தாலும் ஜிஎஸ்டி கணக்கைப் பார்க்கும் மேசையைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் நேர்காணலில் அந்த ஒரு வரியைப் பிடித்துப் பேசலாம்.

மூன்றாவதுதான் கடினம். சேர்ந்த நாளிலேயே வெளியே போக ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மாதம் ஐந்நூறோ ஆயிரமோ வீட்டுக்கும் தெரியாமல் ஒதுக்குங்கள். என் சிநேகிதியின் அப்பா அவளுக்குக் கொடுத்த காத்திருக்கும் காலத்தை நீங்கள் உங்களுக்கே சிறுகச் சிறுக வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

காத்திருக்கலாமா என்றால், வீட்டில் கடன் வாங்காமல் ஆறு மாதம் சமாளிக்க முடியும், அந்த ஆறு மாதத்தில் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று திட்டமாகச் சொல்லவும் முடியும் என்றால் காத்திருங்கள். அம்மாவின் குழு லோனில் காத்திருக்க வேண்டாம்.

சிபாரிசு இல்லாமல் வேலை கிடைக்காது என்கிறார்கள். எங்களுக்கு யாரைத் தெரியும்?

சிபாரிசு என்ற சொல்லில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. தகுதியில்லாதவரைத் திணிப்பது ஒன்று. "அந்த ஆபீஸில் இடம் காலியாம், போய்ப் பாரு" என்று ஒரு தகவல் சொல்வது இன்னொன்று. பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். மந்தத்தில் நிறுவனங்கள் விளம்பரம் கொடுப்பதைக் குறைத்து, இருக்கிற ஊழியர்களிடம் "தெரிந்தவர் யாராவது உண்டா" என்று கேட்கின்றன. அப்போது ஊழியரின் பிள்ளைக்கும் அவர் தெருப் பிள்ளைக்கும் தகவல் முதலில் போகிறது. லைன் வீட்டுக்கு வரவே வராது, ஏனென்றால் நம் அப்பா அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970-களில் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்காவில் பாஸ்டன் அருகே ஒரு ஊரில் வேலை மாறியவர்களிடம் யார் மூலம் வேலை கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் மூலம். அதில் அடிக்கடி பார்க்கும் நெருங்கியவர் சொல்லிக் கிடைத்தது ஆறில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர் சொன்ன தகவல். நெருங்கியவருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். கொஞ்சம் தள்ளி நிற்பவருக்குத்தான் புதுச் செய்தி தெரியும். இதை நான் எத்தனை முறை சொல்லியும் சலிப்பதில்லை, ஏனென்றால் நம் பிள்ளைகளிடம் பணம் இல்லாவிட்டாலும் தள்ளி நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கல்லூரியில் உங்களுக்கு மூன்று வருடம் முன்னால் முடித்தவர்கள். கீழே திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் மெஸ் நடத்தும் நம் ஊர்க்காரர். பள்ளியில் பாடம் நடத்தி மாற்றலாகிப்போன ஆசிரியர். பத்துப் பேர் பெயரை எழுதுங்கள். "அண்ணா, நான் இன்னாருடைய மகள், பி.எஸ்சி முடித்திருக்கிறேன், உங்கள் இடத்தில் ஆள் எடுத்தால் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். வேலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மனிதர்கள் சங்கடப்பட்டு விலகுவார்கள். தகவல் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது.

நேர்காணலில் "அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இதை இந்தியாவில் ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டார நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களைப் பேட்டி கண்டார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, தகுதிதான் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வந்தால்தான் நல்ல ஊழியர் என்ற நம்பிக்கை. அதே ஆண்டு சுக்தேவ் தோரட்டும் பால் ஆட்டிவெல்லும் வேறு ஒன்று செய்தார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆக, அந்தக் கேள்வி கேட்கப்படும்போது உங்கள் மனம் சுருங்குவதில் தவறில்லை. கேட்கிறவரிடம்தான் தவறு.

மறைக்காதீர்கள் என்பது என் கருத்து. பொய் சொன்ன பிள்ளை அடுத்த இருபது நிமிடமும் அந்தப் பொய்யைக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. "அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி நான். விடுமுறையில் நானும் தோட்டத்துக்குப் போய்த்தான் புத்தகம் வாங்கினேன்." மூன்று வாக்கியம். நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டு, உடனே உங்கள் படிப்பைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்துப் பேச்சை அங்கே கொண்டுபோங்கள். கண்ணாடி முன் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். படிப்பகத்தில் நாங்கள் இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். முதல் வாரம் பல பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கும், நான்காவது வாரம் குரல் வந்துவிடும்.

வேலை இல்லாத நேரத்தில் எம்.எஸ்சி, எம்.பி.ஏ சேர்ந்துவிட்டால்?

அரசுக் கல்லூரி என்றால் யோசிக்காமல் சேரலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் செலவு வீட்டுக்குத் தாங்கும். கடன் வாங்கித் தனியார் கல்லூரி என்றால் நிதானம் வேண்டும். கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். மந்தம் இரண்டு வருடத்தில் தீரவில்லை என்றால், அதே பிள்ளை அதே சந்தையில் கடனோடு நிற்கும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன் என்று மகன் மூன்று வருடமாகச் சொல்கிறான்.

2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடம் 7,301. விண்ணப்பித்தவர் சுமார் 22 லட்சம். மந்தத்தில் கூட்டம் இன்னும் கூடும், ஏனென்றால் தனியாரில் இடம் கிடைக்காதவர் எல்லோரும் இங்கே திரும்புவார்கள். எழுதட்டும், நம் வீடுகளை நிமிர்த்தியது அரசு வேலைதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே எழுதட்டும். மூன்று வருடம் சும்மா இருந்த பிள்ளை என்று தனியார் நிறுவனம் எண்ணிவிட்டால், பிறகு அந்தக் கதவும் அடைபடும்.

மலையிலேயே வேலை கிடையாதா? கீழேதான் போக வேண்டுமா?

ஒரு காலத்தில் இந்த மலையில் படித்த பிள்ளைக்கு நிலையான இடங்கள் இருந்தன. ஊட்டி இந்து நகரில் 1960-களில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஒரு தலைமுறைக்கே சம்பளம் கொடுத்தது. டிஜிட்டல் கேமரா வந்து ஃபிலிம் போனதும் அதுவும் போனது. அப்பா அங்கே நிரந்தர ஊழியராக இருந்த வீட்டில் பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, ஆங்கிலப் பள்ளி இருந்தது, வேலை நிலவரம் சொல்லும் சுற்றம் இருந்தது. ஆலை போனதும் அத்தனையும் சேர்ந்து போனது. குடும்பப் பின்னணி என்பது பிறப்பிலேயே எழுதி வைத்தது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். 1990-களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தபோது படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் இதுவே நடந்தது. வசதியாக இருந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள்.

இப்போது இங்கே பட்டதாரிக்குக் கிடைப்பது பள்ளிகள், வங்கிகள், ஆடிட்டர் அலுவலகங்கள், விடுதிகளின் கணக்குப் பிரிவு, தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம். எண்ணிக்கை கம்மிதான். முதல் இரண்டு மூன்று வருடம் கீழே போய்க் கற்றுக்கொண்டு வருவது நல்லது என்பேன். கூடலூர்ப் பிள்ளைகள் மைசூரையும் பார்க்கலாம். கோயம்புத்தூரை விடப் பக்கம்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. கல்யாணம் பண்ணிவிடலாமா?

மந்தம் வந்தால் வீடுகளில் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளையின் காத்திருப்புதான். தம்பிக்கு ஒரு வருடம் கொடுப்பார்கள், அக்காவுக்கு ஆறு மாதம்கூடக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் திருப்பூர் பஸ் நிலையத்தில் நின்று அழுதார். ஹாஸ்டலைப் போய்ப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், ஒரே லைனிலிருந்து இரண்டு மூன்று பெண்களாகச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு வருடம் கொடுங்கள். மகனுக்குக் கொடுக்கும் அதே ஒரு வருடம்.

அரசிடமிருந்து உடனே ஏதாவது உதவி உண்டா?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிறு தொகைதான். இருந்தாலும் பதிவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் நான் முதல்வன் திட்டத்தில் கிடைக்கும் பயிற்சிகளைக் கடைசி ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். தொழிற்கல்லூரிக்குப் போகும் தங்கை, தம்பி இருந்தால், வீட்டில் அதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்றால், முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள். கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும்.

மகன் வேலை கிடைக்காமல் வீட்டிலேயே இருக்கிறான். எங்களிடம் பேசுவதே இல்லை. நாங்கள் என்ன செய்வது, டீச்சர்?

ஐயா, அவன் உங்கள் மீது கோபத்தில் இல்லை. உங்கள் கையைப் பார்க்கிறான். இலைக் கறை படிந்த அந்தக் கையால் கட்டிய ஃபீஸுக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்று குமைகிறான். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். யாராவது "பையன் என்ன செய்கிறான்" என்று கேட்டால், அவன் காதில் விழும்படி "முயற்சி செய்கிறான், இந்த வருடம் எல்லோருக்கும் கஷ்டம்" என்று நீங்களே சொல்லுங்கள். என் அப்பா 2009-இல் அதைச் சொன்னார், லைன் வாசலில் நின்று, மேஸ்திரியிடம். உள்ளே சமையலறையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரியாத கடனைத்தான் பிள்ளைகள் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். கணக்கு தெரிந்தால் திட்டம் போடுவான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். நீங்களும் கூடவே வாருங்கள், பின் பெஞ்சில் பெற்றோர் உட்கார இடம் இருக்கிறது.